மாட்டிடம் சொன்ன சேதி

"மூணு மணிக்கு எடுத்தாவணும் பாப்பா. இன்னும் யாருக்குக் காத்திருக்கோம்?" என்று ஊர்ப்பெரியவர் மாதேஸ்வரன் நான்காவது முறையாகக் கேட்டார்.

யாருக்கு என்று அவருக்கும் தெரியும், சுகுணாவுக்கும் தெரியும். பந்தலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த அத்தனை பேருக்குமே தெரியும்.

பந்தலின் நடுவில் இரண்டு கண்ணாடிப் பெட்டிகள். ஒன்றில் சுகுணாவின் அம்மா தீர்த்தம்மாள். எழுபத்தாறு வயது, ஓய்வு பெற்ற கிராம சுகாதார நர்ஸ். பக்கத்தில் தம்பி மாதவராஜ். நாற்பத்தெட்டு வயது, மாட்டு டாக்டர். சேலத்தில் அம்மாவின் கண்ணைக் காட்டிவிட்டுத் திரும்பியவர்கள் மீது தொப்பூர் கணவாயில் லாரி ஒன்று மோதிவிட்டது. நேற்று மத்தியானம் சுகுணாவிடம் போனில் பேசும்போதுகூடத் தங்களுக்குள் சண்டை போட்டுக்கொண்டிருந்த இருவரும் இப்போது அருகருகே படுத்திருந்தார்கள்.

பிறந்த வீட்டுக் கோடிச்சேலை போர்த்தாமல் அந்த ஊரில் ஒரு பெண்ணை எடுப்பதில்லை. அண்ணனோ தம்பியோ கொண்டுவந்து போர்த்த வேண்டும். ஆணுக்குத் தாய்மாமன் வேட்டி. ஆக, இரண்டு பெட்டிக்கும் வரவேண்டியவர் ஒரே ஆள்தான். அம்மாவின் அண்ணன் ராஜப்பன். பாலக்கோட்டுப் பக்கம் ஒரு மணி நேரத் தூரத்தில் இருப்பவர். நாற்பத்தாறு வருடமாக இந்த வாசலை மிதிக்காதவர்.

விடியற்காலையில் சுகுணா போன் செய்தாள். அவருடைய மருமகள் எடுத்து, "சொல்றேனுங்க" என்று வைத்துவிட்டாள். அதற்குப் பிறகு தகவல் இல்லை.

அம்மா ஒரே ஒரு முறைதான் அதைப் பற்றிப் பேசியிருக்கிறாள். ராகிக்களி கிண்டிக்கொண்டிருந்தவள் திடீரென்று சொன்னாள்: "எனக்கு என்ன கொறை? கடைசியில அண்ணன் வூட்டுச் சேலை மட்டும் வராது. வராட்டிப் போவுது, போ." சொல்லிவிட்டு முகத்தை அடுப்புப் பக்கம் திருப்பிக்கொண்டாள். அந்தத் திருப்பலை சுகுணாவால் மறக்க முடியவில்லை. பிறந்த வீடு இல்லாதவளாக அம்மா போய்விடக் கூடாது. இன்றைக்குச் சுகுணாவுக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

அண்ணன் தங்கை சண்டைக்குக் காரணம் வத்தல்மலை. பஸ் போகாத காலத்தில் தடுப்பூசிப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு அம்மா அந்த மலை ஏறுவாள். பிரசவம் என்றால் இரண்டு நாள் அங்கேயே தங்குவாள், அந்த மலைவாழ் மக்கள் வீட்டுச் சோற்றைச் சாப்பிடுவாள். ராஜப்பனுக்கு அது பொறுக்கவில்லை. "கண்ட வூட்டுல தின்னுட்டு வர்றவ எம் வாசப்படி ஏற வேண்டாம்" என்றார். "அப்ப ஏறலண்ணா" என்றாள் அம்மா. ஆறு வயது சுகுணா அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றிருந்தாள்.

அம்மா மலை ஏறுவதை நிறுத்தவில்லை. அவள் பிரசவம் பார்த்த வீடுகளில் பெண் பிறந்தால் பாதிக்குப் பாதி தீர்த்தம் என்றே பெயர். மாதவராஜ் டாக்டரான பிறகு வீட்டில் தினமும் போட்டி.

"நான் எடுத்த புள்ளைங்க ஓட்டுப் போடுதுடா. நீ எடுத்தது என்ன பண்ணுது?"

"பால் குடுக்குதும்மா. ஓட்டைக் காய்ச்சிக் குடிக்க முடியுமா?"

"பேச்சைப் பாரு. போயி கையைக் கழுவு, சாணி நாத்தம்."

தாலி கட்டிய மத்தியானமே பட்டு வேட்டியோடு, ஈன முடியாமல் தவித்த பசுவுக்குக் கன்று இழுக்கப் போனவன் மாதவராஜ். திரும்பி வந்தபோது, "கெடாரிக்கன்னும்மா!" என்று கத்திக்கொண்டே வந்தான். புதுப்பெண் பானுமதிதான் அந்த வேட்டியைத் துவைத்தாள். கறை போகவே இல்லை. அதே பானுமதி இப்போது பெட்டியின் மேல் கை வைத்து உட்கார்ந்திருந்தாள்.

வெளியே டெம்போ ஒன்று வந்து நின்றது. எல்லாரும் திரும்பினார்கள். ராஜப்பன் இல்லை. வத்தல்மலையிலிருந்து இருபது பேர் இறங்கினார்கள். முன்னால் வந்தவள் கருப்பி. அறுபது வயதிருக்கும். கையில் மடிப்புக் கலையாத கத்தரிப்பூ நிறச் சேலை.

"பாப்பா, நர்சம்மாவுக்கு இதை நாங்க போத்தறோம்."

மாதேஸ்வரன் குறுக்கே வந்தார். "மாலை போடுங்க, வேண்டாங்கல. கோடி பொறந்த வூட்டு மொறைங்க. வெளியாளு போடக் கூடாது."

கருப்பி நகரவில்லை. "எம் புள்ளைங்க அஞ்சும் இவங்க கையிலதான் வுழுந்துச்சு. எங்க வூட்டுச் சாமைச்சோறு தின்னாங்க, எங்க பாயில படுத்தாங்க, எங்க மாமியாளோட சண்டை போட்டாங்க. பொறந்த வூட்டுல வேற என்னங்க இருக்கும்?"

கூட்டத்தில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். அப்போது வாசலில் ஆட்டோ சத்தம்.

எண்பது வயது ராஜப்பன் தடியை ஊன்றி இறங்கினார். கக்கத்தில் துணிக்கடைப் பை.

"வந்துட்டாருப்பா!" மாதேஸ்வரனுக்கு முகம் மலர்ந்தது. "மலைக்காரங்கல்லாம் கொஞ்சம் தள்ளிக்குங்க. மொறைக்காரரு வந்துட்டாரு."

கருப்பி சேலையை மார்போடு அணைத்துக்கொண்டு பின்னால் நகர்ந்தாள். அதைப் பார்த்ததும் சுகுணாவின் வாய் தானாகத் திறந்துகொண்டது.

"நில்லுங்கக்கா." அவள் மாமாவைப் பார்த்துத் திரும்பினாள். "மாமா, இவங்க வூட்டுல சோறு தின்னதுக்குத்தான் நீங்க எங்கம்மாவை ஒதுக்குனீங்க. இன்னைக்கு இவங்கதான் முந்தி வந்தாங்க. முதல் சேலை இவங்களுது. உங்களுது ரெண்டாவது. சம்மதம்னா உள்ள வாங்க."

"ஏம்மா, உனக்கென்ன பைத்தியமா? வந்த மனுசன் திரும்பிப் போயிட்டா?" என்று மாதேஸ்வரன் பல்லைக் கடித்தார்.

போய்விடுவார்தான். சுகுணாவுக்கும் அது தெரியும். ஆட்டோ இன்னும் கிளம்பவில்லை. அம்மா அடுப்புப் பக்கம் திருப்பிக்கொண்ட முகம் கண்ணுக்குள் வந்தது. ஆனாலும் சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்ள அவளுக்கு மனம் வரவில்லை. கருப்பியைத் தள்ளிவிட்டுப் போர்த்தும் சேலை அம்மாவின் உடம்பில் ஒட்டுமா?

ராஜப்பன் தடியைத் தட்டிக்கொண்டு மாதவராஜின் பெட்டிக்கு அருகே போய் நின்றார்.

"இவன் ஏழு வருஷமா எங்கூட்டுக்கு வந்தான். தெரியுமா உனக்கு?"

சுகுணா திகைத்தாள். தெரியாது.

"எங்க ஊருக்கும் இவன்தான டாக்டரு. மாட்டுக்கு நோவுன்னா வேற யாரக் கூப்புடறது? வருவான். நான் மொகம் குடுத்துப் பேச மாட்டேன். அவனும் எங்கிட்டப் பேச மாட்டான். மாட்டுகிட்டப் பேசுவான்." கிழவரின் உதடு கோணியது. "'ஏ லச்சுமி, உங்க எசமானரு தங்கச்சிக்குச் சக்கரை ஏறிப்போச்சு, சொல்லிரு. ஏ லச்சுமி, உங்க எசமானரு தங்கச்சிக்கு எழுவது முடிஞ்சிருச்சு, மலையே எறங்கி வந்து மாலை போட்டுச்சு, சொல்லிரு.' நான் வைக்கோலப் புடுங்கிப் போட்டுக்கிட்டே கேப்பேன். அவ சேதி அத்தனையும் எனக்கு மாடுதான் சொல்லுச்சு."

பானுமதி அழுகைக்கு நடுவே சிரித்துவிட்டாள். "எங்கிட்டச் சொல்லியிருக்காருங்க அண்ணி. 'மாடு மசிஞ்சிருச்சு, மாமன்தான் இன்னும் மசியல'ன்னு சொல்லுவாரு."

"போன வாரம் வந்தான்," என்றார் ராஜப்பன். "'லச்சுமி, தீபாவளிக்கு அம்மாவ இங்க கூட்டியாரேன், எசமானரு துரத்துவாரான்னு கேட்டுச் சொல்லு'ன்னான். நான் பதிலு சொல்லல. அடுத்த தடவ வரட்டும், சொல்லிக்கலாம்னு இருந்தேன்."

அவர் கருப்பியைத் திரும்பிப் பார்த்தார்.

"போத்தும்மா," என்றார். "நீ போத்துனதுக்கு மேல நான் போத்தறேன்."

பெட்டியின் மூடியைத் திறந்தார்கள். கருப்பி கத்தரிப்பூச் சேலையைப் போர்த்தி, கால் பக்கம் இரண்டு கையாலும் நீவிவிட்டாள். ராஜப்பன் பையிலிருந்து வேட்டியை எடுத்து மருமகனுக்குப் போர்த்தினார். பிறகு பச்சைச் சேலையைப் பிரித்துத் தங்கையின் மேல் விரித்தார். சேலை கோணலாக விழுந்தது. சுகுணா ஒரு முனையைப் பிடித்து நேராக்கினாள்.

தங்கையிடம் பேச அவருக்கு வாய் வரவில்லை. அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். கடைசியில் பக்கத்துப் பெட்டிப் பக்கம் குனிந்தார்.

"மாதவா, உங்கம்மாகிட்டச் சொல்லிரு. அண்ணன் சேலை கொண்டாந்துட்டான்னு சொல்லு. துரத்த மாட்டான்னும் சொல்லு."