கோடு விழுந்த படம்

அடுத்தவர் வாயில் ஓட்டை கண்டுபிடிப்பதில் பல் டாக்டரம்மாவை மிஞ்ச ஆளில்லை. ஆனால் தன் கேமராவுக்குப் புது பேட்டரி போட்டவள், அதன் கடிகாரத்தைச் சரிசெய்ய மறந்துவிட்டாள். அந்த மறதி இப்போது கழுத்தைப் பிடித்துவிட்டது.

முந்தைய நாள் இருட்டியதும், வழக்கம்போல் கிளினிக்கின் மொட்டை மாடியிலிருந்து வானத்தைப் படம் எடுத்தாள். பதினாறு வருஷப் பழக்கம். அன்றைய படத்தில், ஒன்றுமே இல்லாதிருந்த இடத்தில் ஒரு புது நட்சத்திரம். பழைய படங்களோடு நாலு தடவை ஒப்பிட்டுவிட்டு, வானியல் மையத்துக்கு எழுதினாள்.

காலையில் பதில் வந்தது. அதே நட்சத்திரத்தை இன்னொருவரும் நேற்று இரவு 7.31க்குப் படம் எடுத்திருக்கிறாராம். முதலில் எடுத்தவர் பெயரில்தான் பதிவாகும். உங்கள் படத்தில் ஜனவரி ஒன்று, பன்னிரண்டு மணி என்று இருக்கிறதே, சரியான நேரத்துக்கு ஆதாரம் உண்டா? இன்று மாலைக்குள் அனுப்பவும்.

"ஏழேகாலுக்குள்ள எடுத்துட்டேன். நல்லா ஞாபகம் இருக்கு."

"ஞாபகத்தை வெச்சு அவங்க என்ன பண்ணுவாங்க அண்ணி?" என்றாள் நாத்தனார். கீழ்த்தளத்தில் இருக்கும் போட்டோ ஸ்டூடியோ அவளுடையது. கல்யாணப் பெண்களின் பருக்களை அழிப்பது தொழில். அண்ணியின் படங்களில் செயற்கைக்கோள்கள் இழுத்துவிட்டுப் போகும் வெள்ளைக் கோடுகளை அழிப்பது இலவச சேவை. முன்பு மாதத்துக்கு ஒன்று விழும். இப்போது கோடு விழாத படமே கிடையாது. வானமா, துணி காயப்போடும் கொடியா என்று டாக்டரம்மா திட்டாத நாளில்லை.

"நேத்து படத்தையும் துடைச்சு வெச்சுட்டேன். மூணு கோடு. ஒண்ணு உங்க நட்சத்திரத்தை உரசிக்கிட்டே போயிருக்கு, சனியன்."

டாக்டரம்மா சட்டென்று எழுந்தாள். "துடைக்காத படம் இருக்கா?"

"கார்டுல இருக்கும். ஏன்?"

"அந்தச் சனியன் ஒவ்வொண்ணும் எந்த நொடியில எங்க போகும்னு அட்டவணையே இருக்குடி."

வந்திருந்த இரண்டு பல்வலிக்காரர்களையும் கவனித்து அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினார்கள். கோடு தொடங்கும் இடத்தையும் முடியும் இடத்தையும் நாத்தனார் அளந்து சொல்லச் சொல்ல, டாக்டரம்மா அட்டவணையில் தேடினாள். முதல் கோடு 7.12. இரண்டாவதும் 7.12. மூன்றாவதைப் பார்க்கப் பயந்து கண்ணை மூடிக்கொண்டாள்.

"அதுவும் பன்னிரண்டுதான் அண்ணி," என்றாள் நாத்தனார்.

டாக்டரம்மாவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. இத்தனை வருஷம் வாய்க்கு வந்தபடி திட்டு வாங்கியவை மூன்றும் அவளுக்காகச் சாட்சி சொல்லியிருந்தன.

மறுநாள் ஒரு பெரியவரின் கடைவாய்ப் பல்லில் அவள் கை இருந்தபோது, நாத்தனார் போனோடு மூச்சிரைக்க ஓடி வந்தாள். "உங்க பேருலதான் பதிவாயிருக்கு அண்ணி. பத்தொன்பது நிமிஷ வித்தியாசம்." வாயை மூட முடியாத பெரியவர், விஷயம் என்னவென்றே தெரியாமல் கையைத் தட்டினார்.

அந்தப் படம் இப்போது ஸ்டூடியோ வாசலில், மணமக்கள் படங்களுக்கு நடுவில், பெரிய சட்டத்தில் தொங்குகிறது.

"என்னம்மா, குறுக்கே கோடு விழுந்திருக்கு? அழிக்கலையா?" என்று கேட்டார் ஒரு வாடிக்கையாளர்.

"அதுல மட்டும் யாரும் கை வைக்கக் கூடாது," என்றாள் நாத்தனார்.