ஒன்பது சதுர மீட்டர் ரோஜா

ஜெர்மனியில், லைப்ஸிக் நகரின் மேற்குப் பக்கம் இருக்கும் எங்கள் தோட்டச் சங்கத்துக்கு எண்பத்தாறு தோட்டங்கள், ஒரு கொடிமரம், ஒரு பீர்க் கூடம், ஒரு தலைவர் உண்டு. கொடிமரமும் பீர்க் கூடமும் குளிர்காலத்திலாவது ஓய்வெடுக்கும்.

தலைவர் எக்கெஹார்ட் ஸ்விர்னர், நில அளவைத் துறையில் முப்பத்தெட்டு வருடம் இருந்து விடைபெற்றவர். அன்றைக்கு ஓய்வு கிடைத்தது துறைக்குத்தான் என்று அங்கே வேலை பார்த்தவர்கள் சொல்வார்கள். நான் சங்கத்தின் செயலாளர். அவர் சொல்வதை எல்லாம் எழுதி வைப்பது என் வேலை. எழுதியதை யாரும் படிக்காமல் பார்த்துக்கொள்வது அலமாரியின் வேலை.

ஸ்விர்னரின் தோட்டத்தில் ஆளுயர ரோஜாச் செடிகள் நாற்பது. எல்லாம் உயர்குலம். ஒவ்வொன்றின் காலடியிலும் பீங்கான் பலகையில் ஒரு பெயர்: இளவரசி இன்னார், தளபதி இன்னார். பத்து நாளைக்கு ஒரு முறை முகமூடி மாட்டிக்கொண்டு மருந்தடிப்பார். மார்ச் மாதம் பீர்க் கூடத்தில் கவாத்து பற்றி இரண்டு மணி நேரம் பேசுவார். வெட்டு நாற்பத்தைந்து டிகிரி சாய்வில் இருக்க வேண்டும், வெளியே பார்க்கும் கணுவுக்கு மேல் ஐந்து மில்லிமீட்டர் விட வேண்டும். ஆறு விட்டால் அலட்சியம், நாலு விட்டால் கொலை. பேச்சு முடியும் வரை பீர் கிடையாது என்பதால் கூட்டத்துக்குக் குறைவில்லை.

முப்பத்தொன்றாம் எண் தோட்டம் மார்லிஸ் பெட்ஸோல்டினுடையது. டிராம் ஓட்டுகிறவள். ஐம்பத்து நாலு வயது, இரண்டு முழங்காலிலும் ஆபரேஷன் ஆனவள். முன்பு அங்கே கீரைப் பாத்தி போட்டிருந்தாள். அவள் நட்டதை எல்லாம் ஓடில்லாத நத்தைகள் சாப்பிட்டன. மூன்றாவது வருடமும் நத்தைகளுக்கே சமைத்துப் போட்டு அலுத்துப்போய், கீரையை விட்டுவிட்டு முழங்கால் உயரம் மட்டுமே வளரும் பாத்தி ரோஜாவை முப்பத்தாறு குத்து நட்டாள். நட்டதோடு சரி. மருந்து இல்லை, பீங்கான் இல்லை. வசந்தத்தில் வேலியோரத்து ஃபோர்சித்தியாப் புதர் மஞ்சளாகப் பூத்ததும், வருடத்துக்கு ஒரு முறை, வேலி வெட்டும் பெரிய கத்திரியால் எல்லாவற்றையும் சாண் உயரத்துக்கு ஒரே மட்டமாக நறுக்கிவிடுவாள். பத்து நிமிஷ வேலை.

அதை ஒரு முறை ஸ்விர்னர் நேரில் பார்த்துவிட்டார். வேலிக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு, இதற்குப் பெயர் கவாத்தா என்று கேட்டார்.

"இல்லீங்க தலைவரே. முடிவெட்டு."

கோடையில் மறுபடி வந்தார். வாடின பூவை உடனுக்குடன் கிள்ளாவிட்டால் செடி சோம்பேறியாகிவிடும் என்று எச்சரித்தார்.

"ஆகட்டும், பரவால்ல. இந்தத் தோட்டத்துல ஒருத்தராச்சும் உக்காந்து இருக்கட்டும்" என்றாள் மார்லிஸ்.

போன வருடம் ஜூன் முழுக்க மழை. ஜூலையில் தலைவரின் உயர்குலத்துக்குக் கரும்புள்ளி நோய் கண்டது. பத்து நாளைக்கு ஒரு முறை என்றிருந்த மருந்து வாரம் ஒரு முறை என்றானது. ஆகஸ்டில் இளவரசிகளும் தளபதிகளும் ஓரிலை கூட இல்லாமல் குச்சிகளாக நின்றார்கள். கீழே பெயர்ப் பலகைகள் வேறு இருந்ததால், தெரியாதவர்கள் கல்லறை வரிசை என்று நினைத்துத் தொப்பியைக் கழற்றிக்கொண்டு கடந்தார்கள். மார்லிஸின் பாத்தியோ மழை பெய்ததே தெரியாதது போல ஒரே சிவப்பு. ஞாயிற்றுக்கிழமை பீர்க் குவளையோடு உலாவ வருகிறவர்கள் அவள் வேலியோரம்தான் நின்றார்கள். ஒருவர், பாவம், எந்த மருந்து என்று தலைவரின் காதுபடவே அவளைக் கேட்டுவிட்டார்.

அடுத்த வாரமே தலைவர் அளவு நாடாவோடு முப்பத்தொன்றுக்குள் நுழைந்தார்.

எங்கள் ஊரில் தோட்டம் குத்தகைக்கு எடுத்தவர் மூன்றில் ஒரு பங்கில் சாப்பிடுகிற ஏதாவது விளைவிக்க வேண்டும். மார்லிஸின் தோட்டம் இருநூற்று நாற்பது சதுர மீட்டர். எண்பது இருக்க வேண்டும். உருளைக்கிழங்கு, அவரை, ஆப்பிள் மரத்தின் நிழல் எல்லாம் சேர்த்து எழுபத்தொன்றுதான் தேறியது. ரோஜாப் பாத்தி சரியாக ஒன்பது.

அவளுக்கு ஏற்கெனவே இரண்டு எச்சரிக்கை போயிருந்தது: வேலி நாலு சென்டிமீட்டர் உயரம் கூடியதற்கு ஒன்று, மதிய அமைதி நேரத்தில் புல் வெட்டியதற்கு ஒன்று. மூன்றாவது என்றால் தோட்டம் பறிபோகும். காத்திருப்போர் பட்டியலில் நூற்று நாற்பது பேர். அக்டோபர் முதல் சனிக்கிழமைக்குள் பாத்தியைப் பிடுங்கிவிட்டுக் காய்கறி வைக்காவிட்டால் குத்தகை ரத்து என்று கடிதம் போனது.

கடிதத்தை எடுத்துக்கொண்டு அவள் நேரே என்னிடம் வந்தாள்.

"செயலாளரே, இத டைப் அடிச்சது நீங்கதான?"

"அவர் சொன்னாரு. நான் வெறும் விரல், அவ்வளவுதான்."

"விரல் நல்லாத்தான் இருக்கு. அதுக்கு மேல ஏதாச்சும் இருக்கான்னுதான் தெரியல."

நான் நாற்காலியைக் காட்டினேன். அவள் உட்காரவில்லை. இந்த முழங்காலோடு முட்டைக்கோசுக்குக் குனிய முடியாது என்றாள். பிறகு கடிதத்தை மடித்துக்கொண்டே சொன்னாள்:

"நாள் பூரா வண்டில ஏர்றவன் எறங்கறவன் எல்லாம் என்கிட்ட எதையாச்சும் கேக்கறான். ஏன் லேட்டு, ஏன் கதவ மூடின, இது எங்க போவுது. ஷிப்ட் முடிச்சு இங்க வந்து காப்பியோட உக்காந்தா, அந்த செடிங்க மட்டும்தான் என்கிட்ட ஒண்ணும் கேக்கறதில்ல."

அவள் போனபின் நான் செயலாளராக இருந்த பதினோரு வருடத்தில் செய்யாத காரியம் ஒன்றைச் செய்தேன். நானே எழுதிய கூட்டக் குறிப்புகளைப் படித்தேன்.

நாலாவது நோட்டில் அகப்பட்டது. மூன்று வருடத்துக்கு முன் வேறொரு தோட்டத்திலும் சாப்பாட்டுப் பங்கு குறைந்திருக்கிறது, அதுவும் பதினாலு சதுர மீட்டர். தோட்டம் தலைவருடையது. இளவரசிகள் எல்லா இடத்தையும் பிடித்துக்கொண்டால் உருளைக்கிழங்கு எங்கே போகும்? கொட்டகைக்குப் பின்னால் அவருக்கு ஒரு காட்டுரோஜா வேலி உண்டு. அதைக் காட்டி, அவரே தீர்மானம் கொண்டுவந்திருந்தார்: 'பறித்துப் பயன்படுத்தத்தக்க காய் காய்க்கும் ரோஜா, பழச்செடியாகவே அளக்கப்படும்.' ஒருமனதாக நிறைவேறியது. அடுத்த அயிட்டம் பீர்.

மார்லிஸிடம் போய், பாத்தியைத் தொடாதே, வாடின பூ ஒன்றையும் கிள்ளிவிடாதே என்றேன்.

"நான் என்னிக்கு கிள்ளினேன்?" என்றாள்.

அக்டோபர் முதல் சனிக்கிழமை தலைவர் நாடாவோடும், நான் நோட்டோடும், வேடிக்கை பார்க்க முப்பது பேர் ரொட்டி மணம் பிடித்துக்கொண்டும் போனோம். பாத்தி அப்படியே இருந்தது. கிள்ளப்படாத பூக்கள் எல்லாம் காயாகி, பழுத்து, கொத்துக் கொத்தாக ஆரஞ்சுச் சிவப்பில் தொங்கின. பக்கத்தில் மேசை மேல் சூடான ரொட்டியும், முதல் பறிப்பில் காய்ச்சிய ஜாம் இரண்டு ஜாடியும் இருந்தன.

நான் தீர்மானத்தை வாசித்தேன். பதினோரு வருடம் எழுதியவன் சத்தமாகப் பேசியது அன்றுதான் முதல் தடவை.

தலைவர் அசரவில்லை. அது காட்டுரோஜாவுக்காகப் போட்ட தீர்மானம், இது அலங்காரச் செடி என்றார். பழத்துக்கு இலக்கணமும் சொன்னார்.

"பழம்னா செடியிலேருந்து பறிச்சு அப்படியே வாய்ல போடறது. இத போட முடியுமா? இப்பவே காட்டறேன் பாருங்க."

"அப்படியே போடாதீங்க தலைவரே. உள்ள முடி இருக்கும்" என்றாள் மார்லிஸ்.

பட்டாலே அரிக்கும் ரோஜாக்காயின் உள்முடியைப் பக்கத்துப் பையன் சட்டைக் காலருக்குள் போட்டு விளையாடாத குழந்தை இந்த ஊரில் இல்லை. ஸ்விர்னரும் ஒரு காலத்தில் குழந்தையாக இருந்திருக்கக்கூடும். ஆனால் எச்சரிக்கை அனுப்பியே பழகியவருக்கு எச்சரிக்கை கேட்டுப் பழக்கமில்லை. கொத்திலேயே பெரியதாக ஒன்றைப் பறித்து, முழுசாக வாயில் போட்டு, சபையைப் பார்த்தபடி கடித்தார்.

முதலில் முகத்தில் ஓர் ஆச்சரியம். இனிப்பாக இருந்திருக்க வேண்டும். அப்புறம் கண்கள் விரிந்தன. அப்புறம் நாக்கு வெளியே வந்தது. தலைவர் அதைக் கைக்குட்டையால் துடைத்தார், சுரண்டினார், யாரோ நீட்டிய பீரில் கொப்பளித்தார். முப்பது பேரும் வானத்தைப் பார்த்துக்கொண்டார்கள். மார்லிஸ் மட்டும் சிரிக்காமல், ரொட்டியில் வெண்ணெயும் ஜாமும் கனமாகத் தடவிக் கொடுத்தாள். ஒன்று தின்றார். நிதானம் வந்து, கேட்காமலே இன்னொன்று எடுத்துக்கொண்டார்.

"பாத்தீங்கல்ல," என்றார் இருமலுக்கு நடுவே. "இது பழமே இல்ல."

"சரிதான்" என்றாள் மார்லிஸ். "உங்க வேலிலயும் இதே முடிதான் தலைவரே. அப்ப அதுவும் பழம் இல்லதான?"

தலைவர் மெல்லுவதை நிறுத்தினார். அவர் மனசுக்குள் பதினாலு சதுர மீட்டர் நீளவாக்கிலும் அகலவாக்கிலும் அளக்கப்படுவது வெளியே தெரிந்தது. ஆளிடம் ஆயிரம் குறை இருந்தாலும், அளவில் பொய் சொல்லத் தெரியாதவர்.

"எழுதுங்க, செயலாளரே" என்றார் கடைசியில். "முப்பத்தொண்ணு. எண்பது. சரியா இருக்கு."

எழுதினேன். அவ்வளவு அழகாக அதற்கு முன் நான் எழுதியதில்லை. மார்லிஸ் உட்கார்ந்து, ஆறிப்போன காப்பியைக் குடித்தாள்.

நவம்பரில் தலைவர் பன்னிரண்டு தளபதிகளைத் தோண்டி எடுத்துவிட்டு, அதே இடத்தில் முழங்கால் உயரப் பாத்தி ரோஜா பன்னிரண்டு வைத்தார். பீங்கான் பலகையோடுதான். மார்ச் மாதச் சொற்பொழிவுக்கான தலைப்பு அறிவிப்புப் பலகையில் ஏறியது: 'உழைப்பில்லாத ரோஜா: என் நாற்பதாண்டு அனுபவம்.' சொற்பொழிவன்று மார்லிஸ் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். சந்தேகம் கேட்கும் நேரம் வந்ததும் கையைத் தூக்கி, வேலிக் கத்திரியை எந்தச் சாய்வில் பிடிக்க வேண்டும் என்று பணிவாகக் கேட்டாள்.

தலைவர் கையைக் காற்றில் சாய்த்து அளந்து பார்த்தார்.

"நாற்பத்தஞ்சு" என்றார்.