கேள்வியை மாற்றிக் கேளுங்கள்

பல் டாக்டரம்மாவிடம் ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. வந்தவரை நாற்காலியில் சாய்த்து, வாயில் பஞ்சை அடைத்து, விளக்கைக் கண்ணுக்கு நேரே திருப்பிய பிறகுதான் பேச்சை ஆரம்பிப்பார். "பெண்கள் துணை மையத்துக்கு வாரம் ஒரு மணி நேரம் வந்து உதவறீங்களா? சம்பளம் கிடையாது, டீ உண்டு." வேண்டாம் என்று சொல்வதற்கு வாய் வேண்டுமே! மௌனம் சம்மதம் என்று அவரே முடிவு கட்டிக்கொள்வார். மையத்தின் தன்னார்வலர்களில் பாதிப் பேர் இப்படிச் சிக்கியவர்கள்தான். சிக்கியவர்கள் யாரும் பிறகு விட்டுவிட்டுப் போகவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் பாவம்.

மையம் என்றதும் பெரிய கட்டடம் என்று நினைத்துவிட வேண்டாம். சைக்கிள் கடைக்கு மேலே இரண்டு அறைகள். முன்னறையில் தையல் மெஷின்கள், மூலையில் ஒரு பழைய கணினி. பின்னறையில் ஒரு மேசை, மேசைக்கு இந்தப் பக்கம் சாதா நாற்காலி, அந்தப் பக்கம் கைப்பிடி வைத்த நாற்காலி. கைப்பிடி வைத்தது முதலாளியுடையது. பல வருஷம் வீட்டோடு இருந்துவிட்டு மறுபடி வேலைக்குப் போக நினைக்கும் பெண்களுக்கு அங்கே இன்டர்வியூ பயிற்சி நடக்கும். தன்னார்வலர்கள் முறை வைத்துக்கொண்டு முதலாளி வேஷம் கட்டுவார்கள். டாக்டர் இதற்கென்றே தன் வீட்டுக்காரரின் கோட்டை மாட்டிக்கொண்டு வருவார். ரிட்டயரான பஸ் கண்டக்டரம்மாவுக்குக் கோட்டு தேவையில்லை. எந்தக் கேள்வியைக் கேட்டாலும், படிக்கட்டில் தொங்குகிறவனை உள்ளே தள்ளுகிற அதே குரலில் கேட்பார்.

அங்கே பயிற்சிக்கு வந்த நம் கதைக்குரியவளுக்கு மெல்லிசை என்று பட்டப்பெயர் வைத்தது அந்தக் கண்டக்டரம்மாதான். அவ்வளவு சன்னமான குரல் அவளுக்கு. எதிரே இருப்பவர் குனிந்து, காதைக் கொடுத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டால் ஏதோ கேட்கும். கல்யாணத்துக்கு முன்பு ஒரு மருந்து மொத்த வியாபாரியிடம் வருகிற சரக்கைச் சரிபார்த்து வாங்கும் வேலையில் இருந்தாள். நனைந்து காய்ந்த அட்டைப்பெட்டியைக் கண்ணை மூடிக்கொண்டு தொட்டே சொல்லிவிடுவாள். மகள் பிறந்ததும் வேலையிலிருந்து நின்றாள். கொஞ்ச நாள் என்றுதான் நின்றாள். மகள் இப்போது இரண்டாம் வகுப்பு.

வீட்டில் யாரும் வில்லன் கிடையாது. கணவர் வீட்டு முன்னறையிலேயே செல்போன் ரிப்பேர் பார்ப்பவர். காலையிலிருந்து விளக்கு போடும் வரை அதே ஸ்டூல், அதே பூதக்கண்ணாடி. "உனக்கு இஷ்டம்னா போயேன்" என்று பூதக்கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்ன நல்ல மனிதர். மாமியார்தான் வெட்டு ஒன்று துண்டு இரண்டு.

"போன எடத்துல எல்லாம் பல்லு தெரிய சிரிச்சு அனுப்பிட்டாங்க, ஒருத்தரும் திரும்பக் கூப்பிடல. இந்த மருந்துக் கிடங்குதான் கடைசி. இதுவும் இல்லன்னா வேலைங்கற பேச்சையே எடுக்கக் கூடாது. சம்மதமா?"

"சரிங்கத்தை" என்றாள் மெல்லிசை. அந்த வேலை அவளுக்கு வேண்டும். பணம் வேண்டாம் என்றில்லை, பணமும் வேண்டும். ஆனால் பெட்டிகளுக்கு நடுவே நின்று, 'இது சரியில்ல, திருப்பிக் கொண்டு போங்க' என்று சொன்ன ஒருத்தி ஒரு காலத்தில் இருந்தாள். அவளைப் பார்த்து ரொம்ப நாளாகிவிட்டது. பார்க்க வேண்டும் போலிருந்தது.

போன இடத்திலெல்லாம் அவளைக் கவிழ்த்தது ஒரே கேள்விதான். 'குழந்தைக்கு உடம்பு சரியில்லன்னா யாரு பாத்துப்பா?' சரக்கைப் பற்றிக் கேட்டால் பதில் மணிமணியாக வரும். இந்தக் கேள்வி வந்ததும் திருடிவிட்டு மாட்டிக்கொண்டவள் போலத் தலை குனிந்துவிடுவாள். அப்புறம் அந்தத் தலையை யார் வேலைக்கு எடுப்பார்கள்? இதே கேள்வியை எந்த ஆம்பளையிடமாவது யாராவது கேட்டதுண்டா என்று டாக்டர் கொதித்தார். கொதித்து என்ன பயன்? வைத்தியம் வேண்டுமே.

வைத்தியமாக டாக்டர் ஒரு மணியைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். தலையில் தட்டினால் 'டிங்' என்கிற சாதாரண மணி.

"வேலைக்குச் சம்பந்தமில்லாத கேள்வி வந்தா இதைத் தட்டு. தட்டிட்டு, 'கேள்வியை மாத்திக் கேளுங்க'ன்னு சொல்லு. முதலாளி மாத்தித்தான் ஆகணும். இங்க அதான் சட்டம்."

முதலில் மெல்லிசை மணியைச் சுடுகிற பாத்திரத்தைப் போலத்தான் தொட்டாள். கண்டக்டரம்மா விடவில்லை. "தட்டும்மா! நல்லாத் தட்டு! அது என்ன தூங்கற குழந்தையா?" இப்படியே வாராவாரம் தட்டித் தட்டி, கடைசியில் முதலாளி 'குழந்தை' என்று வாயெடுத்தாலே போதும், டிங். குரலும் கூடவே மேலே வந்தது. டாக்டருக்கு ஏகப்பட்ட பெருமை. அந்தப் பெருமையில் ஒன்றை மட்டும் சொல்ல மறந்தார், அந்த மணி அந்த அறைக்கு மட்டும்தான் என்பதை. அதைப் போய் யாராவது சொல்வார்களா?

மருந்துக் கிடங்கின் மேனேஜர் அறை மாடியில் இருந்தது. கண்ணாடி ஜன்னல் வழியாகக் கீழே பெட்டிகள் அடுக்கடுக்காகத் தெரிந்தன. அட்டை வாசனை மூக்கில் ஏறியதும் மெல்லிசைக்குப் பாதி பயம் போய்விட்டது. மேனேஜர் தலையை நிமிர்த்தாமல் கேட்டுக்கொண்டே போனார். பழைய வேலையைப் பற்றிக் கேட்டார், சொன்னாள். காலாவதியாகப் போகும் சரக்கை எங்கே வைப்பாய் என்றார், சொன்னாள். எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. அவர் மேசையில், பேனா ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், அதே மாதிரி ஒரு மணி உட்கார்ந்திருந்தது.

"கல்யாணம் ஆனவங்கதானே? குழந்தை?"

"ஒரு பொண்ணு சார்."

"சரி, அந்தக் குழந்தைக்குக் காய்ச்சல் கீய்ச்சல் வந்தா..."

டிங்.

பழக்கம் பொல்லாதது. கை பாட்டுக்குப் போய்த் தட்டிவிட்டு, மடிக்குத் திரும்பி வந்து நல்ல பிள்ளையாக உட்கார்ந்துகொண்டது. "கேள்வியை மாத்திக் கேளுங்க!" என்றது வாய். அதுவும் எப்படி? கண்டக்டரம்மாவின் காது குளிரும்படி.

கதவு திறந்தது. ஆபீஸ் உதவியாளர் எட்டிப் பார்த்தார். "கூப்பிட்டீங்களா சார்?"

மேனேஜர் மணியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மறுபடி மணியைப் பார்த்தார். உதவியாளர் நிலைமையைப் புரிந்துகொண்டு சுவர்ப் பக்கம் திரும்பி இருமத் தொடங்கினார். அந்த இருமலுக்கு எந்தக் கிடங்கிலும் மருந்து கிடையாது. அப்போதுதான் மெல்லிசைக்குத் தான் எங்கே இருக்கிறோம் என்பது உறைத்தது. பூமி பிளந்து தன்னை விழுங்கிவிடாதா என்றிருந்தது. மாடி அறை என்பதால் அதற்கும் வழியில்லை.

"நீ போப்பா" என்று உதவியாளரை அனுப்பினார் மேனேஜர். கொஞ்ச நேரம் பேனாவைத் திருகினார். "மாத்தி... சரி. லாரி வருது. ரெண்டு பெட்டி நனைஞ்சிருக்கு. டிரைவர் அவசரப்படறான், கத்தறான். என்ன பண்ணுவீங்க?"

வேலை போய்விட்டது என்பது அவளுக்குத் தெரிந்துவிட்டது. தலைக்கு மேல் வெள்ளம் போன பிறகு சாண் என்ன, முழம் என்ன?

"கையெழுத்துப் போட மாட்டேன் சார். வெளியில தெரியறது ரெண்டு. அதுக்கு அடியில இருந்ததையும் தொட்டுப் பாக்கணும். கெட்டதைத் தனியா வச்சு, படம் எடுத்து, டிரைவர்கிட்ட எழுதி வாங்கிட்டுத் திருப்பி அனுப்புவேன். அவர் கத்தினா கத்தட்டும். அதை யாரோ ஒருத்தர் குடிக்கப் போறாங்க சார், மருந்து அது."

"ம்" என்றார் மேனேஜர். "சொல்லி அனுப்பறோம்."

சொல்லி அனுப்புகிறோம் என்பதற்கு உலகத்தில் ஒரே அர்த்தம்தான். மெல்லிசை நேரே மையத்துக்குப் போய் நடந்ததைச் சொன்னாள். கேட்டவர்கள் சிரித்த சிரிப்பில் கீழே சைக்கிள் கடைக்காரர் பம்பு அடிப்பதை நிறுத்திவிட்டார். டாக்டருக்குக் கண்ணில் நீர் கொட்டியது. அப்புறம்தான் மெல்லிசையின் கண்ணிலும் நீர் கொட்டுவதையும், அது வேறு நீர் என்பதையும் பார்த்தார்கள். சிரிப்பு சட்டென்று நின்றது.

"தப்பு என்னோடதும்மா" என்றார் டாக்டர்.

"யாரோடதும் இல்ல" என்றார் கண்டக்டரம்மா. "கேக்கக் கூடாததைக் கேட்டவன் அங்க ஜம்முனு உக்காந்திருக்கான். நீ ஏன் இங்க அழற?"

நியாயமான கேள்விதான். ஆனாலும் அழுதாள். வீட்டில் எதையும் சொல்லவில்லை. 'சொல்லி அனுப்பறாங்களாம்' என்பதோடு நிறுத்திக்கொண்டாள். நல்லவேளையாக மாமியாருக்கு அந்த வாரம் கடைவாய்ப் பல்லில் வலி. கன்னம் வீங்கி, பேசவே முடியாமல் கிடந்தார். வீடு அதிசயமாக அமைதியாக இருந்தது.

அடுத்த வாரம் துணி மடித்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது.

"மருந்துக் கிடங்கு மேனேஜர் பேசறேன். உள்ளதைச் சொல்றேம்மா, அன்னிக்கு உங்களை வேணாம்னுதான் முடிவு பண்ணேன். என் மேசையில இருக்கிற மணியை என்னைத் தவிர யாரும் தொட்டதில்ல. ஆனா நேத்து ஒரு லோடு வந்துச்சு. பாதிப் பெட்டி நனைஞ்சிருக்கு, இங்க இருக்கிற ஆள் டிரைவர் மிரட்டினான்னு கையெழுத்துப் போட்டுட்டார். என்னையே அந்த அதட்டு அதட்டினவங்க, டிரைவரை சும்மா விட்டுடுவீங்களா என்ன? திங்கக்கிழமை வந்துடுங்க." கொஞ்சம் தயங்கினார். "வேற கேள்வி எதுவும் இல்ல."

மெல்லிசை மடித்த துணியையெல்லாம் அள்ளி மேலே வீசினாள். பிறகு தானே பொறுக்கி மறுபடி மடித்தாள், அது வேறு விஷயம்.

மாலையில் எல்லோரும் இருக்கும்போது செய்தியைச் சொன்னாள். மகள் முன்னறைத் தரையில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். கணவர் ஸ்டூலிலிருந்தே முகமெல்லாம் சிரித்தார். சிரித்து முடித்ததும், கள்ளங்கபடம் இல்லாமல், நாளைக்கு மழை வருமா என்கிற தோரணையில் கேட்டார்.

"சரி, பாப்பாவுக்குக் காய்ச்சல் கீய்ச்சல்னா யாரு பாத்துப்பா?"

மெல்லிசையின் கை தன்னையறியாமல் மேசையைத் துழாவியது. வீட்டில் மணி ஏது? கணவர் பார்வை அம்மாவின் பக்கம் போனது.

"என்னை ஏன்டா பாக்கற?" என்றார் மாமியார். "எனக்கு மையத்துல வேலை இருக்கு."

"எந்த மையம்?" என்று இரண்டு பேரும் ஒரே குரலில் கேட்டார்கள்.

"சைக்கிள் கடை மேலதான். பல்லு பிடுங்கப் போனேன்ல? வாயில பஞ்சை வச்சுட்டு அந்தம்மா கேட்டா. நான் என்னத்தைச் சொல்றது? நேத்து போய் உக்காந்து பாத்தேன். முதலாளி வேஷம். கேக்கக் கூடாத கேள்வியா கேக்க என்னை மாதிரி இதுவரைக்கும் ஆளே கிடைக்கலையாம். எவ்வளவு மெச்சினாங்க தெரியுமா?" மாமியார் தலைமுடியைச் சரி செய்துகொண்டார். "அங்க ஒரு பொண்ணு, என் கேள்விக்கு மணியைத் தட்டினா பாரு, எனக்கே தூக்கிவாரிப் போட்டுச்சு. அப்பதான் நினைச்சேன், இத்தனை வருஷம் நம்ம வீட்ல இவ எதைத் தட்டியிருப்பான்னு."

மெல்லிசை மாமியாரின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"அப்ப யாருதான் பாத்துக்கறது?" என்றார் கணவர், நிஜமான கவலையோடு.

மாமியார் அவரைப் பார்த்தார். மெல்லிசையும் பார்த்தாள். காலையிலிருந்து மாலை வரை, மழையானாலும் வெயிலானாலும், குழந்தை கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில், வீட்டை விட்டு நகராமல் உட்கார்ந்திருக்கும் ஆள். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதைதான். ஒவ்வொரு இன்டர்வியூவிலும் தலை குனிந்தாளே, ஒரு தடவையாவது இந்த ஸ்டூல் நினைவுக்கு வந்ததா? தன் மேலேயே அவளுக்குக் கோபம் வந்தது. அவர் மேலும் கொஞ்சம் வந்தது.

"நானா?" என்று பூதக்கண்ணாடியைக் கழற்றினார் கணவர். "எனக்கு எந்த மருந்து, எவ்வளவுன்னுகூடத் தெரியாதே."

"ஆமாம்மா" என்று மகள் நோட்டிலிருந்து தலையை நிமிர்த்தினாள். "அப்பாவுக்கு அதெல்லாம் ஒண்ணும் தெரியாது."

"எனக்கு மட்டும் தெரிஞ்சா இருந்துச்சு?" என்றாள் மெல்லிசை. தெருவில் போகிறவர்களுக்கும் கேட்டிருக்கும். "நீ பொறந்த அன்னிக்கு உன்னை என் கையில குடுத்துட்டு எல்லாரும் சாப்பிடப் போயிட்டாங்க."