முயலுக்குப் படைத்த கேரட்

தென்கொரியாவின் தேஜோன் நகர ஆய்வகம் ஒன்றில், சோதனைக்கு உயிர்விட்ட விலங்குகளுக்கு வருடம் ஒருமுறை நினைவுக்கல் முன் படையல் போடுவார்கள். இந்த வருடம் பேராசிரியர் மா உருகி உருகிக் கும்பிட்டார். கும்பிட்ட கையோடு, ஒரு முயலின் இதயத்தில் சோதனைக்காகத் தைத்து, அது செத்தபின் வெளியே எடுத்த ரப்பர் துண்டை விருந்தினர்கள் முன் வெட்டி, ஒட்டவைத்து, இழுத்துக் காட்டினார். வெட்டிய சுவடே இல்லை.

"பாத்தீங்களா? மனுஷ இதயத்துல வெச்சாலும், கிழிஞ்சா தன்னால ஒட்டிக்கும்!"

ஒரே கைதட்டல். அந்த முயலுக்குத் தினமும் தீனி போட்ட ஆய்வு மாணவி கியோங்ரானுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"தையல் பிரிஞ்சுதான் சார் அது செத்துச்சு."

"அதுக்கென்ன இப்போ? ரப்பருக்கு ஒண்ணும் ஆகலையே!" என்று சிரித்தவர், படையல் தட்டைப் பார்த்தார்.

"அந்தக் கேரட்டை வீணாக்காதம்மா. நாளைக்குப் புது முயலுங்க வருது, அதுங்களுக்குப் போட்டுடு."