மூன்று ஆந்தைகள்

...இடப்பக்கமிருந்துதான் வந்தது, வலப்பக்கம் இல்லை, நேற்று இரவு பத்துத் தடவையாவது சொல்லியிருப்பேன், இடப்பக்கம், முதுகுக்குப் பின்னால், ஒரு சத்தமும் இல்லாமல் என்று, ஆனாலும் என் வீட்டுக்காரர் போர்வையை இழுத்துக்கொள்ளும்போது வலப்பக்கம், வலப்பக்கம் என்றுதான் மனப்பாடம் செய்துகொண்டிருந்தார், சரி, இனிமேல் அது அவருடைய ஆந்தை, எந்தப் பக்கமிருந்து வேண்டுமானாலும் வரட்டும், எனக்கென்ன. மணி ஐந்து. கதவைச் சத்தம் வராமல் சாத்துகிறேன், என் புத்தியைப் பாருங்கள், அவர் நடக்க வேண்டிய நடையை அவர் தூக்கம் கெடாமல் நடந்துவிட்டு வர வேண்டும் நான். வாசலில் நிற்கிற கார்களின் கண்ணாடியெல்லாம் உறைபனி, மாவு சலித்துக் கொட்டியதுபோல. காது விண்விண்ணென்று வலிக்கிறது, தொப்பி இல்லை, தொப்பி உள்ளே மேசைமேல் ஒரு பிளாஸ்டிக் பைக்குள் இருக்கிறது, சாட்சிப் பொருள், பத்து மணிக்கு டாக்டரிடம் காட்டுவதற்கு. அதனால் தலையில் சால்வையைச் சுற்றிக்கொண்டு, இடது மணிக்கட்டில் அவருடைய கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு, எள்ளு எண்ணெய்க்குக் காயுது, எலிப்புழுக்கை எதுக்குக் காயுது என்று கேட்பார்களே, அந்த எலிப்புழுக்கை நான்தான். இது எழுபத்தோராவது நாள்.

கடிகாரம் மருத்துவமனை கொடுத்தது. அவர் பேருந்து ஓட்டுகிறவர், இருபத்தாறு வருஷம், ஒரு சைக்கிளைக்கூட உரசியதில்லை என்று கேட்காதவர்களிடமும் சொல்லுவார். மரமெல்லாம் இலை உதிர்க்க ஆரம்பித்த சமயத்தில் டிப்போவிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார், நல்லவேளை வண்டியை நிறுத்திய பிறகு. அடைப்பை எடுத்து வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் சொன்னார், தினமும் நாற்பது நிமிஷம் நடக்க வேண்டும், எத்தனை அடி, நெஞ்சு எப்படித் துடிக்கிறது என்று இந்தக் கடிகாரம் எங்களுக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும், மூன்று மாதம் பார்த்துவிட்டுத்தான் மறுபடி ஓட்டலாம் என்று கையெழுத்துப் போடுவேன் என்று. போடாவிட்டால் டிப்போவில் வண்டிகள் வந்துபோகிற நேரம் குறிக்கிற அறையில் ஒரு நாற்காலி. அந்த அறைக்கு அவரே வைத்த பெயர் பிணவறை. முதல் நாள் போனார், இல்லையென்று சொல்லக் கூடாது, தெருமுனை வரைக்கும் போனார், பத்தாவது நிமிஷம் திரும்பி வந்து செருப்பு அலமாரிமேல் பொத்தென்று உட்கார்ந்தார், முகமெல்லாம் சாம்பல். பயம். வெறும் பயம். அதை மட்டும் வாய்விட்டுச் சொல்லியிருந்தால் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போயிருப்பேன், தெருவே சிரித்தாலும். சொன்னது என்ன? "முட்டி வலிக்குது. ரெண்டு நாளைக்கு நீ கட்டிட்டுப் போயிட்டு வா." ரெண்டு நாள்! ஐந்திலிருந்து ஆறுவரை என் துடிப்பு, மற்ற நேரமெல்லாம் அவர் துடிப்பு, இரண்டும் ஒரே பேரில் போய்ச் சேருகிறது. போன மாதம் டாக்டர் இவர் தோளைத் தட்டி, இளவட்டம் மாதிரி நடக்கிறீர்கள் என்றாராம், வீட்டுக்கு வந்து என்னிடமே அதைச் சொன்னார், அதுவும் எவ்வளவு பெருமையாக. மகள் போன் பண்ணினால் முதல் கேள்வி, "அப்பா நடக்கறாராம்மா?" நடக்கறாரும்மா என்கிறேன், நாக்குக் கூசாமல். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற குடும்பத்தில் சோறு பரிமாறுகிறவள் நான்தானே.

பூங்காக் கதவு எப்போதும் பாதிதான் திறக்கும், உடம்பை ஒருக்களித்து நுழைய வேண்டும், கம்பி பனியில் கொள்ளிக்கட்டை மாதிரி சுடுகிறது, குளிர் எப்படிச் சுடும் என்று முதல் வாரம் ஆச்சரியப்பட்டேன், இப்போது ஆச்சரியமெல்லாம் போய்விட்டது. வாய் திறந்தால் புகை. குளத்து ஓரமாகப் பின்பாதை, அங்கேதான் விளக்கு இல்லை, அங்கேதான் அந்த ஒற்றை மரம். அன்றைக்குப் பதினொன்றாம் தேதி. தலையில் அவருடைய கம்பளித் தொப்பி, உச்சியில் பூனைக்குட்டி அளவுக்கு ஒரு ரோமப் பந்து, அறுபது வயதில் யார் இப்படி ஒன்றைப் போடுவார்கள் என்று கடையிலேயே சொன்னேன். யாரோ உள்ளங்கையால் உச்சந்தலையில் ஓங்கி அறைந்த மாதிரி இருந்தது. முட்டி போட்டு விழுந்துவிட்டேன், சரளைக்கல் குத்துகிறது, தலை லேசாகிவிட்டது, தொப்பி இல்லை, நிமிர்ந்தால் பத்தடி தள்ளி அது பாதையில் கிடக்கிறது, அதற்கு மேலே கிளையில் தடித்த கறுப்பாக ஒன்று, சாவதானமாக, இது எலி இல்லையா என்று ஏமாந்துபோய் என்னைப் பார்க்கிறது. நெஞ்சு கிடந்து அடித்துக்கொள்கிறது, அடிக்கிறது, நிற்கிறது, இரண்டு படி தாண்டிக் குதிக்கிறது, மறுபடி நிற்கிறது. அந்த நேரம் பார்த்து நாயோடு வருகிறவர் வந்தார், அதுவரை தலையாட்டிக்கொண்டதோடு சரி, பேசினதில்லை. "முதல்ல உக்காருங்கம்மா. மூச்சு ஏன் இப்படி வாங்குது? நெஞ்சு வலிக்குதா?" கையைப் பிடித்து பெஞ்சில் உட்கார வைத்தார், இது குஞ்சு பொரிக்கிற காலம், யார் தலையென்று பார்க்காது, நாளையிலிருந்து குடை பிடித்துக்கொண்டு வாருங்கள், தலைக்கு வந்தது தொப்பியோடு போச்சு என்று சிரித்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது, ஆந்தைக்காக இல்லை. நெஞ்சு வலிக்கிறதா என்று என்னை யாராவது கேட்டு எத்தனை நாள் ஆயிற்று? வீட்டுக்கு வந்து சொன்னால் போர்வைக்குள்ளிருந்து ஒரு குரல், "ஆந்தையா? நீ பாத்தே? கிளை எதுவோ விழுந்திருக்கும்." அப்புறம் தலையை மட்டும் நீட்டி, "அது என் தொப்பி இல்ல? கிழிச்சுட்டியா?" மண்டையில் மூன்று கீறல். இரண்டு கண்ணாடி வைத்துப் பார்த்து நானே மருந்து போட்டுக்கொண்டு ஒன்பதரைக்குத் தையல் கடைக்குப் போனேன், ஆள் ஆளுக்குக் கால்சட்டையை நீளம் குறைத்துக் கொடுக்க, இடுப்பைப் பெரிதாக்கிக் கொடுக்க.

நேற்றும் அப்படித்தான், கடையிலிருந்து வந்து இன்னும் மேல்கோட்டைக்கூடக் கழற்றவில்லை, போன் அடித்தது, மருத்துவமனை நர்ஸ், அவர் ஒலிபெருக்கியில் போட்டார். "சார், உங்க பதிவுல மூணு நாள் துடிப்பு தாறுமாறா இருக்கு. மூணாம் தேதி, ஒன்பதாம் தேதி, பதினொண்ணாம் தேதி. எல்லாமே காலைல நடக்கும்போது. டாக்டர் நாளைக்குப் பத்து மணிக்குக் கண்டிப்பா வரச் சொன்னாங்க. மருந்து மாத்த வேண்டியிருக்கும். அதுவரைக்கும் வேகமா நடக்காதீங்க." போனை வைத்ததும் என் பக்கம் திரும்பினார். "ஓடினியா நீ? நடக்கத்தானே சொன்னேன்?" இல்லைங்க, அன்றைக்கு ஆந்தை அடித்தது என்று சொன்னேனே... அவ்வளவுதான், முகம் மலர்ந்துவிட்டது! மூன்று நாளாகக் கிளையாக இருந்தது ஒரே நொடியில் ஆந்தை ஆயிற்று. நாள்காட்டித் தாளைக் கிழித்து அதன் முதுகில் எழுத ஆரம்பித்தார், பேருந்துக்காரர் இல்லையா, தேதியும் நேரமும் எழுதாமல் அவர் வாழ்க்கையில் எதுவும் நடந்ததில்லை. "எந்தத் தேதி?" பதினொன்று என்றேன். எழுதினார். பென்சிலைக் கடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார், முகத்தை இல்லை, நெஞ்சுப் பக்கம், கடையில் குத்திக்கொண்ட குண்டூசி சேலையிலேயே இருக்கிறதாக்கும் என்று தடவி எடுத்து டப்பாவில் போட்டேன். அப்புறம் குனிந்து மறுபடி எழுதினார். "மூணு தேதியையும் நான் பாத்துக்கறேன். நீ கவலைப்படாதே." நான் எங்கே கவலைப்பட்டேன்? ராத்திரி கண்ணாடி முன்னால் நின்று ஒத்திகை. என்னைவிட நன்றாகச் சொல்கிறார், அதுதான் வயிற்றெரிச்சல், கண் ரெண்டும் விளக்கு மாதிரி எரிஞ்சுது டாக்டர் என்கிறார், நான் கண்ணைப் பார்க்கவே இல்லை. பிறகு வழுக்கையைத் தடவிக்கொண்டு, கீறல் இல்லாமல் போனால் நம்புவார்களா என்று யோசித்து, "இந்தா, சீப்பால லேசா மூணு கோடு போடேன்." போட்டேன். லேசாகப் போடவில்லை. ஆ என்றார், முப்பத்திரண்டு வருஷத்தில் அப்படி ஒரு திருப்தி எனக்கு வந்ததில்லை, கடவுள் மன்னிக்கட்டும், மன்னிக்காவிட்டாலும் போகட்டும்.

மெதுவாகத்தான் நடக்கிறேன், நர்ஸ் சொன்னாளே. குளத்து ஓரம் கண்ணாடித் தகடாக உறைந்திருக்கிறது, ஒரு வாத்தும் இல்லை, புத்தியுள்ள ஜீவன்கள். கையெழுத்து கிடைத்துவிடும், ஆந்தைக் கதையை யார்தான் நம்ப மாட்டார்கள், அதில் பாதி உண்மை வேறு இருக்கிறது. கிடைத்ததும் ஏறி உட்கார்ந்துவிடுவார், பின்னால் நாற்பது பேர், பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஜன்னலில் மூக்கை அழுத்திக்கொண்டு... தெருமுனை வரைக்கும் நடக்க முடியாத நெஞ்சை நம்பி. இதைப் பற்றி நினைக்கவே கூடாது என்று எழுபது நாளாக நடந்திருக்கிறேன், நடையில் கால் மட்டுமா நடக்கிறது? நாய்க்காரரை இன்னும் காணோம். குடையும் மறந்துவிட்டேன். மரம் வந்துவிட்டது. கழுத்தை உள்ளே இழுத்துக்கொள்கிறேன், சால்வையை இறுக்குகிறேன், அண்ணாந்து பார்க்கிறேன், அதே கிளை, அதே தடித்த கறுப்பு, இருக்கிறது. வா. வந்து அடித்துவிட்டுப் போ, அவருக்கும் உதவும். அது கழுத்தை மட்டும் திருப்பி என்னைப் பார்த்தது, ரோமப் பந்து இல்லாத தலையில் அதற்கு அக்கறை இல்லை போல, இறக்கையை விரித்துக் குளத்தைத் தாண்டிப் போய்விட்டது, சத்தமே இல்லை, ஒரு சருகு விழுந்தால்கூட அதைவிடச் சத்தம் வரும். போய்விட்டது. பயமும் இல்லை. அப்புறம்தான், அது போன பிறகுதான், நெஞ்சுக்குள் ஒரு படி தவறியது. அடிக்கிறது, நிற்கிறது, இரண்டு படி தாண்டிக் குதிக்கிறது... பெஞ்சைப் பிடித்துக்கொள்கிறேன். கண்ணோரம் இருட்டிக்கொண்டு வருகிறது. மணிக்கட்டில் பச்சை விளக்கு மினுக் மினுக்கென்று எண்ணிக்கொண்டிருக்கிறது, அவர் பேரில்.

எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. நின்றுவிட்டது, நின்றுவிட்டது என்றால் சரியாகிவிட்டது. உட்கார்ந்திருக்கிறேன், பெஞ்சின் பனி புடவை வழியாக ஏறுகிறது. பதினொன்றாம் தேதி ஆந்தை, சரி. ஒன்பதாம் தேதி? ஒன்பதாம் தேதி இதே பெஞ்சில்தான் உட்கார்ந்தேன், வெறும் வயிறு, அதனால்தான் என்று வீட்டுக்குப் போய் இரண்டு ரொட்டி தின்றேன். மூன்றாம் தேதி பூங்காக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன், குளிர் என்று நினைத்தேன். ஆந்தை அப்போது எங்கே இருந்தது? மூன்று தேதி, ஒரு ஆந்தை. இது என் நெஞ்சு, பயந்ததால் வந்தது இல்லை, கெட்டுப்போனதால் வருவது, அதைக் கண்டுபிடித்த டாக்டர் மருந்தை அவர் வாயில் போடுவார். உண்மையைச் சொன்னால் அவருக்குப் பிணவறை, சொல்லாவிட்டால் எனக்கு, நிஜமான பிணவறை. நல்ல வேடிக்கை. ஆனால் இந்தக் கணக்கு இவ்வளவு சின்னக் கணக்கா? நேற்று ராத்திரி எனக்கு ஏன் புரியவில்லை? சமையல், பாத்திரம், அவருக்கு மாத்திரை எடுத்து வைத்தது, சீப்பு... அவர் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டுதானே இருந்தார். எந்தத் தேதி என்று கேட்டார். பதினொன்று என்றேன். ஒன்றை எழுதிவிட்டு, பென்சிலைக் கடித்துக்கொண்டு, பார்த்தார். குண்டூசியையா பார்த்தார்? கடைக் கண்ணாடியில் நான் பார்த்துவிட்டுத்தானே கிளம்புவேன், ஊசி தெரிகிற இடத்திலேயே இல்லையே, சேலை மடிப்புக்குள் அல்லவா இருந்தது, தடவித்தானே எடுத்தேன்... பார்த்தார், புரிந்துகொண்டார், அப்புறம் குனிந்து இன்னும் இரண்டு ஆந்தைகளை எழுதினார்.

எப்படித் திரும்பி வந்தேன் என்று தெரியவில்லை, கால் பழகின பாதை. கதவைத் தட்டுவதற்கு முன்னால் திறந்துவிட்டார், அதிசயம், சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டை, ஒரு கையில் நாள்காட்டித் தாள், இன்னொரு கை கடிகாரத்துக்காக நீண்டிருக்கிறது. வழுக்கையில் மூன்று சிவப்புக் கோடு, நன்றாகவே விழுந்திருக்கிறது.

"வந்துச்சா?" எழுபத்தோரு நாளில் நடை முடிந்து வந்தவளிடம் அவராகவே கேட்கிற முதல் கேள்வி.

"எது?"

"அதான், ஆந்தை."

"வரலைங்க. என்னைப் பாத்துட்டுப் பறந்து போயிடுச்சு. அதுக்கப்புறம்தான் வந்துச்சு." என்ன வந்தது என்று நான் சொல்லவில்லை. கேட்கட்டும். கேட்டுவிட்டால் போதும், ஒரு வார்த்தை, நாய்க்காரர் கேட்ட அதே வார்த்தை, எல்லாவற்றையும் தின்று செரித்துவிட்டு அவரோடு ஆஸ்பத்திரிக்குப் போய் நானே வலப்பக்கம் என்று சாட்சி சொல்லிவிடுவேன், அவ்வளவு மானங்கெட்டவள் நான். அவர் பார்த்தார், அதே இடத்தை. இந்தத் தடவை நான் ஊசியைத் தேடவில்லை.

"எதுக்கும் நாலுன்னு எழுதிக்கறேன்," என்று பென்சிலுக்காக மேசைப் பக்கம் திரும்பினார். முதுகைக் காட்டிக்கொண்டிருந்தாலும் நீட்டின கை அப்படியே என் பக்கம் நீண்டிருக்கிறது. கடிகாரத்து வாரைப் பிடித்தபடி நிற்கிறேன், விரல் விறைத்திருக்கிறது, கொக்கி கழல மாட்டேன் என்கிறதா, நான்தான் கழற்றாமல் இருக்கிறேனா...