மாப்பிள்ளை பதினோரு தடவை நின்ற கதை

1.

இது கட்டுரையாகப் பிறந்திருக்க வேண்டியது. கசபிளாங்காவிலிருந்து ஒரு பத்திரிகை ஆசிரியர் போன் செய்து, நவீன இயந்திரப் பொறியியலின் போக்குகள், புதுமைகள், அதை உருவாக்கும் மனிதர்கள் பற்றி எட்டுப் பக்கம் கேட்டார். போக்குகள் இணையத்தில் கொட்டிக் கிடக்கின்றன. புதுமைகளும் அப்படியே. மனிதர்களுக்குத்தான் பஞ்சம். தேடியதில் வீட்டிலேயே ஒருத்தி அகப்பட்டாள். கவ்தர், என் மனைவியின் தங்கை. மொராக்கோவின் வடக்கே, தாஞ்சியர் நகருக்கு வெளியே, கார் இருக்கைகளின் இரும்புச் சட்டம் செய்யும் ஒரு தொழிற்சாலையில் இயந்திரப் பொறியாளர்.

நான் பிழைப்புக்கு இயந்திரக் கையேடுகள் எழுதுகிறவன். "இந்தப் பொத்தானை அழுத்தவும், அந்தப் பொத்தானை அழுத்த வேண்டாம்" வகை. இருபது வருட எழுத்து வாழ்க்கையில் ஒருவர்கூட என்னைப் படித்ததாகத் தகவல் இல்லை. கதை எழுதுவது அந்த வயிற்றெரிச்சலில்தான்.

2.

தொடக்கங்கள்.

"முப்பரிமாண அச்சு இயந்திரங்கள் இன்று உதிரிபாகங்களை ரொட்டி சுடுவதுபோல——"

வேண்டாம். ஒரு நாளாவது ரொட்டி சுட்டிருந்தால் இப்படி எழுதியிருக்க மாட்டேன்.

"கிழக்குக் காற்று பலமாக வீசிய ஒரு திங்கட்கிழமை——"

தாஞ்சியரில் கிழக்குக் காற்று வீசாவிட்டால்தான் செய்தி. இதையும் அடித்தேன்.

"மாப்பிள்ளை மறுபடி நின்னுட்டான், மச்சான்."

இது நான் எழுதியதில்லை. கவ்தர் வீட்டுக்குள் வந்து, பையை எறிந்து, சொன்னது. இதை வைத்துக்கொள்கிறேன்.*

* மாப்பிள்ளை ஒரு ரோபோ. ஒற்றைக் கை, ஆறு மூட்டு. வேலிக்குப் பின்னால் நிற்கும் பழைய வகை அல்ல. ஆட்களின் பக்கத்திலேயே நின்று வேலை செய்யும் புதுவகை. யார் மேலாவது பட்டால் உடனே நின்றுவிடும். அந்தப் பெயரைத் தொழிற்சாலைப் பெண்கள் வைத்தார்கள். வந்தான், நடுவில் நின்றான், எல்லாரும் அவனைச் சுற்றி ஓடுகிறோம், அவனைப் பற்றி வாய் திறக்க முடியவில்லை என்பது அவர்கள் விளக்கம். கவ்தர் குடும்பத்தின் மாப்பிள்ளை என்ற முறையில் என் ஆட்சேபத்தைத் தெரிவித்திருக்கிறேன்.

3.

சிக்கல் இதுதான். மாப்பிள்ளை ஒரு நாளைக்குப் பதினோரு தடவை நிற்கிறான். ஒவ்வொரு தடவையும் மஞ்சள் விளக்கு எரிந்து, யாராவது வந்து பச்சைப் பொத்தானை அழுத்தி, மறுபடி கிளம்ப நாற்பது விநாடி. அவன் நின்றால் அந்த வரிசை முழுவதும் நிற்கும்.

கவ்தரின் கணினித் திரையில் மாப்பிள்ளைக்கு ஒரு டிஜிட்டல் இரட்டை இருக்கிறான். அதே மூட்டு, அதே வேகம், அதே போல்ட். (கட்டுரையில் இதற்கே இரண்டு பக்கம் ஒதுக்கியிருந்தேன்.) அந்த இரட்டை நிற்பதே இல்லை. அவனைத் தொட ஆள் இல்லை.

வெளிநாட்டிலிருக்கும் தலைமை அலுவலகம் ஒரு படிவம் அனுப்பியிருந்தது. வியாழக்கிழமைக்குள் நிரப்ப வேண்டும். அதில் "காரணம்" என்று ஒரு கட்டம், ஒரு வரி அளவு.

"மெஷின் கோளாறுன்னு எழுதிடு," என்றேன்.

"மெஷினை வித்தவன் ஆள் அனுப்புவான். மூட்டுல இருக்குற சென்சாரை அஞ்சு நிமிஷத்துல படிச்சிருவான். படிச்சா என்ன தெரியும் தெரியுமா? உள்ளங்கை. மெதுவா வச்ச உள்ளங்கை."

"அப்ப யாரோ தொடுறாங்கன்னு எழுது."

"யாரோன்னு எழுதினா யாருன்னு கேப்பான். எதிர்ல நிக்கிறது ஷாமா அக்கா ஒருத்திதான். போன வருஷம் பக்கத்து லைன்ல இப்படித்தான் ஒருத்தி பேரு ஏறுச்சு. மறுநாள் அவ வரல."

ஷாமா* சட்டத்தை எடுத்து வைப்பார், மாப்பிள்ளை போல்ட் முடுக்குவான். இருபத்தொரு வருடமாக அதே இடத்தில் நிற்கிறார். முன்பு எதிரில் ஒரு மனிதன் முடுக்கிக்கொண்டிருந்தான்.

* பெயர் மாற்றப்பட்டுள்ளது. மாற்றியதற்கும் திட்டு வாங்கினேன்.

4.

இங்கேதான் என் மூளை வேலை செய்தது. அதை நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது.

நம் ஊரில் ஓர் இடத்துக்குள் நுழைந்தால் இருக்கிற ஒவ்வொருவருக்கும் கை கொடுத்து, வீட்டில் சுகமா, பிள்ளைகள் சுகமா, எல்லாம் சுகமா என்று கேட்டு முடிக்காமல் உட்கார மாட்டோம். ஷாமாவும் அப்படி மாப்பிள்ளைக்கு சலாம் சொல்கிறார்! கை கொடுக்கிறார்! அவன் நின்றுவிடுகிறான்! இதைவிட இனிப்பான கதை யாருக்குக் கிடைக்கும்? மூன்று பக்கம் ஒரே மூச்சில் எழுதினேன். என் ஷாமா குண்டாக, கன்னத்தில் குழியோடு, வாய் ஓயாமல் சிரிக்கிறவராக இருந்தார்.

கவ்தர் படித்தாள்.

"காலையில சலாம் சரி. பதினோரு மணிக்கு?"

"டீ குடிச்சிட்டு வர்றாங்க. திரும்ப சலாம்."

"மூணு மணிக்கு?"

"தொழுதுட்டு வர்றாங்க."

"மூணேகாலுக்கு?"

(இந்த இடத்தில் ஒரு பூனையைக் கொண்டுவரப் பார்த்தேன். பூனைக்கு உள்ளங்கை அவ்வளவு பெரிதாக இருக்காது.)

"ஆனா மச்சான்," என்றாள், "இதைப் படிவத்துல எழுதலாம். ஊர்ப் பழக்கம்னு போட்டா அவனுங்க சிரிப்பானுங்க. ஒரு அரை நாள் பயிற்சி வகுப்பு வைக்கச் சொல்வானுங்க. யாரும் வேலையை விட்டுப் போக வேண்டாம். உங்க பொய்யிலேயே உருப்படியான பொய் இதுதான்."

எனக்குப் பெருமை தாங்கவில்லை. என் கற்பனையை முதல்முறையாக ஒரு அலுவலகம் நம்பப்போகிறது.

5.

ஒரு பாத்திரத்தை எழுதினால் ஆளைப் பார்த்துவிட வேண்டும் என்பது என் கொள்கை. (பொய். மனைவி சொல்லித்தான் போனேன்.) புதன்கிழமை மதியம், தொழிற்சாலைச் சாப்பாட்டுக் கூடத்தில் ஷாமா பிசாரா என்ற பருப்பு சூப்பில் ரொட்டியை நனைத்துக்கொண்டிருந்தார். ஒல்லியான ஆள். கன்னத்தில் குழி கிடையாது. நான் எழுதியதைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

"நான் அதுக்கு சலாம் சொன்னேனா?"

"கதைல, அக்கா."

"ஏன் தம்பி, நான் என்ன லூசா? எனக்கு மனுஷங்களுக்கே சலாம் சொல்ல நேரம் இல்ல. மாப்பிள்ளையாம், சலாமாம். உங்க வீட்டுல யாரும் உங்களைக் கேள்வி கேக்க மாட்டாங்களா?"

பக்கத்து மேசைப் பெண்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், வேறு வழியில்லை.

"அப்ப எதுக்குத் தொடுறீங்க?"

அவர் ரொட்டியை வாயில் போட்டு, மென்று, விழுங்கினார்.

"இடுப்பு. வலி இங்க ஆரம்பிச்சு இந்தக் கால் வரைக்கும் போகும். முன்ன எதிர்ல இருந்தானே, அவன்கிட்ட 'இருப்பா'ன்னா இருப்பான். இதுகிட்ட என்ன சொல்ல முடியும்? ஒருநாள் தெரியாம கை பட்டுச்சு. நின்னுருச்சு. நாப்பது விநாடி. சாஞ்சு நின்னு மூச்சு விட்டேன். இந்த லைன்ல தொட்டா நிக்கிறது அது ஒண்ணுதான் தம்பி."

சூப்பு ஆறிக்கொண்டிருந்தது. என் மூன்று பக்கம் என் பையில் இருந்தது. அதை அங்கேயே கிழித்துப்போட்டேன் என்று எழுதினால் நன்றாக இருக்கும். கிழிக்கவில்லை. அது நன்றாக எழுதப்பட்ட மூன்று பக்கம்.

6.

முடிவுகள். எடுத்துக்கொள்ளுங்கள்.

அ) கவ்தர் "ஊர்ப் பழக்கம்" என்று எழுதுகிறாள். ஷாமா வேலையில் இருக்கிறார். அரை நாள் வகுப்பு நடக்கிறது, "ரோபோவுக்குக் கை கொடுக்காதீர்கள்" என்று பலகை மாட்டுகிறார்கள், அதை எழுதும் வேலை எனக்கே வருகிறது. ஷாமாவின் நாற்பது விநாடிகள் போய்விடுகின்றன. இது நகைச்சுவை முடிவு.

ஆ) கவ்தர் பொறியாளருக்கே உரிய ஒரு தந்திரம் செய்கிறாள். மணிக்கு ஒருமுறை மாப்பிள்ளை தானாக நின்று, நாற்பது விநாடி தன் மூட்டுகளைச் சோதித்துக்கொள்ளும்படி நிரலில் எழுதிவிடுகிறாள். தேவையில்லாத சோதனை. கண்டுபிடித்தால் அவள் வேலை போகும். கண்டுபிடிக்காவிட்டால் இதைப் புதுமை என்று——

(ஆசிரியர் கேட்ட கட்டுரைக்கு இது கச்சிதமாகப் பொருந்துகிறது. அதனாலேயே சந்தேகமாக இருக்கிறது.)

இ) "காரணம்: தொழிலாளி" என்று எழுதுகிறாள். இதை எழுத என் கை வரவில்லை. அடுத்த பத்திக்குப் போவோம்.

7.

வியாழக்கிழமை காலை கவ்தரின் அறையில் நானும் இருந்தேன். அ-வா ஆ-வா என்று விவாதம். காப்பாற்றுகிறவர்களுக்கு வரும் ஒரு தோரணை எங்கள் இருவருக்கும் வந்திருந்தது. அப்போது கதவைத் தட்டாமல் ஷாமா உள்ளே வந்தார். அவரை நான் இந்தக் காட்சிக்கு எழுதவில்லை.

"உக்காருங்க அக்கா," என்றாள் கவ்தர்.

"உக்காந்தா எந்திரிக்கிறது பெரும்பாடு. அந்தக் காகிதத்துல என்ன எழுதப் போற?"

கவ்தர் சொன்னாள். சலாமையும் சொன்னாள், சோதனையையும் சொன்னாள்.

"ரெண்டுமே நல்லாருக்கு. என்னைக் காப்பாத்த எவ்ளோ யோசிச்சிருக்கீங்க," என்றார் ஷாமா. கேலியா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை. "இடுப்பு வலின்னு எழுது. என் பேரைப் போடு."

"அக்கா, வேலை போயிரும்."

"போகலாம். போகாமலும் இருக்கலாம். மெஷினுக்கு எத்தனை தடவை நின்னுச்சுன்னு கணக்கு வச்சு, பரங்கி தேசத்துல உக்காந்து ஒருத்தன் கவலைப்படுறான். இருபத்தொரு வருஷமா என் இடுப்பு எந்தக் காகிதத்துலயும் ஏறல. இப்பதான் 'காரணம்'னு ஒரு கட்டம் போட்டுக் கேட்டிருக்கான். கேட்டவனுக்கு பதில் சொல்ல வேணாமா?"

"ரெண்டு பொண்ணு இருக்காங்க அக்கா. யோசிச்சுப் பாருங்க."

"பெரியவ அடுத்த மாசம் இதே லைனுக்கு வர்றா. யோசிச்சுட்டுத்தான் வந்தேன்."

கவ்தர் பேனாவை எடுத்தாள். என்னைப் பார்த்தாள். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

அவள் என்ன எழுதினாள் என்பது எனக்குத் தெரியும். சொல்ல மாட்டேன். சொன்னால் நீங்கள் கவ்தரைப் பாராட்டுவீர்கள், இல்லை திட்டுவீர்கள். இரண்டு வழியிலும் பேனா உங்கள் கைக்கு வராமல் தப்பித்துவிடும். ஆகவே கவ்தர் எழுந்துகொள்கிறாள், அந்த நாற்காலியில் நீங்கள் உட்காருங்கள். கட்டம் இதோ:

காரணம்: ______________________

எழுதுங்கள். நிதானமாக யோசித்து எழுதலாம் என்று சொல்லத்தான் ஆசை. ஆனால் ஷாமா நின்றுகொண்டிருக்கிறார்.