வாய்க்காலைத் தாண்டிப் பறந்த பருப்புச்சோறு

சம்பா நடவு தொடங்கிய வாரத்தில், கீழ்வேளூருக்குத் தெற்கே துரைராசுவின் வயலில் நாற்று ஊன்றிக்கொண்டிருந்த பிரின்ஸி இடுப்பு வலிக்கிறதென்று நிமிர்ந்தபோது, ஒரு பருப்புச்சோற்று உருண்டை வாய்க்காலைத் தாண்டிப் பறந்து வந்து அவள் வாய்க்குள் விழுந்தது. மென்றதும் தெரிந்துவிட்டது. ஒன்றரை வயது மகன் ஆன்டோவுக்காகக் காலையில் அவளே நெய்விட்டுப் பிசைந்து வைத்துவிட்டு வந்த சோறு அது. அந்த நேரத்தில் வீட்டில் மாமனார் சவரியப்பன், பேரனுக்கு ஊட்டப்போன வெறும் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்றிலிருந்து தினமும் இப்படித்தான் நடந்தது. குழந்தையின் உதடுவரை போகும் உருண்டை அங்கிருந்து திரும்பி ஜன்னல் வழியாக வெளியேறி, வயலில் நிற்கும் தாயிடம் போய்ச் சேர்ந்தது. கிண்ணம் காலியாகும்வரை பறந்தது. ஒரு குழந்தையின் சோறு வளர்ந்த ஒருத்தியின் பசிக்கு எந்த மூலைக்கு? காக்கைகள் கூடவே வந்தாலும் ஒரு பருக்கையைக்கூடத் தொடவில்லை. சவரியப்பன் ஜன்னலைச் சாத்திப் பார்த்தார். உருண்டை வண்டுபோல அறையைச் சுற்றிவிட்டு ஓட்டு இடுக்கு வழியாகப் போய்விட்டது. இரவில் பிரின்ஸியே ஊட்டினால், அவள் கையே மடங்கி அவள் வாய்க்கு வந்தது. பிள்ளையின் சோற்றைத் தின்கிறோமே என்று அவள் வயலில் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டாள். வெளியே நின்று கதவைத் தட்டுவதுபோல உருண்டை தட்டியது. அழுவதற்காக வாயைத் திறந்ததும் உள்ளே போய்விட்டது.

ஆன்டோ ஏற்கெனவே எடை குறைந்த பிள்ளை; இப்போது பால் மட்டும்தான் உள்ளே போனது. அங்கன்வாடி டீச்சர் குந்தவை அவனைத் தராசில் உட்காரவைத்துவிட்டு, முள்ளை இரண்டு முறை தட்டிப் பார்த்தாள். “இதே மாதிரி இறங்குச்சுன்னா நாகப்பட்டினம் ஆஸ்பத்திரியில சேர்க்கணுங்க” என்றாள். சவரியப்பன் வேளாங்கண்ணிக்கு ஒரு மெழுகுவர்த்தி நேர்ந்துகொண்டார்.

பிரின்ஸியின் கணவன் டேவிட்சன் நெல் லாரி ஓட்டுகிறவன். வெளியூர் லோடு முடித்து ராத்திரி வீட்டுக்கு வந்தவன், மறுநாள் காலையில் எல்லாவற்றையும் கேட்டதும், “கையில புடிச்சா எப்படிப் போகும்?” என்று ஓர் உருண்டையை இறுக்கிப் பிடித்தான். உருண்டை அவனையும் சேர்த்து இழுத்துக்கொண்டு கிளம்பியது. ஒரு கையில் சோறும் மறு கையில் அவிழப்போகும் கைலியுமாக, தெருவிலும் வரப்பிலும் ஓடி, வாய்க்காலில் விழுந்து எழுந்து, நடவுப் பெண்கள் எல்லோர் முன்னாலும் சேற்றில் போய் நின்றான். அவன் விரல்கள் தாமாக விரிந்தன. சோறு பிரின்ஸியின் வாய்க்குப் போனது.

யாரும் சிரிக்கவில்லை. நடவுக் கும்பலின் மூத்தவள் பூவம்மாள்தான் பேசினாள். “காலையில என்ன சாப்பிட்டு வந்தாள்னு உன் பொண்டாட்டிய கேளு தம்பி.”

கேட்டான்.

“டீ” என்றாள் பிரின்ஸி.

“நேத்து ராத்திரி?”

“நீங்க ரெண்டு பேரும் சாப்பிட்டப்புறம் குழம்பு இருந்துச்சு. சோறு இல்ல.” கையிலிருந்த நாற்று முடியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். “இன்னைக்கு நேத்து இல்லங்க. ஆன்டோ வயித்துல இருந்தப்பவும் அப்படித்தான். எனக்கு எப்பவும் பசிக்குது.”

கல்யாணமாகி அவள் தன் பசியைப் பற்றிச் சொன்ன முதல் வார்த்தை அதுதான். டேவிட்சனுக்குக் காது சுட்டது. அவள் சாப்பிடுவதைப் பார்த்த நினைவு ஏதாவது இருக்கிறதா என்று யோசித்தான். கல்யாணப் பந்தி மட்டும்தான் ஞாபகத்துக்கு வந்தது.

மறுநாள் விடியும்போது சவரியப்பன் அடுப்பு பற்றவைத்தார். சோறு குழைந்து, சாம்பாரில் உப்பு ஏறிப்போயிருந்தது. “நீ சாப்பிடும்மா முதல்ல” என்று தட்டை மருமகள் முன்னால் வைத்துவிட்டு, அப்பனும் மகனும் எதிரே உட்கார்ந்து காத்திருந்தார்கள். அவளுக்குக் கூச்சமாக இருந்தது. ஆனாலும் இரண்டாம் முறையும் போட்டுக்கொண்டு, முட்டையையும் தின்று, ஏப்பம் விட்டாள். அதன்பின் டேவிட்சன் ஓர் உருண்டையை ஆன்டோவின் வாயருகே கொண்டுபோனான். அது கொஞ்சம் தயங்கி, பிரின்ஸி பக்கம் ஒருமுறை திரும்பிவிட்டு, குழந்தையின் வாய்க்குள் சமர்த்தாக இறங்கியது. பொங்கல் வருவதற்குள் ஆன்டோ கோழிகளைத் துரத்துகிற அளவுக்குத் தேறினான். சவரியப்பன் மீன் குழம்புவரை கற்றுக்கொண்டார்.

அந்த நடவு முடிவதற்குள்ளேயே மற்ற வீடுகளிலும் சோறு பறக்கத் தொடங்கியிருந்தது. துரைராசுவின் வயலுக்கு மேலே காலை நேரத்தில் இட்லித் துண்டும் சத்துமாவு உருண்டையும் குறுக்கும் நெடுக்குமாகப் போனதால், நடவு நட முடியவில்லை. “எல்லாரும் முதல்ல வயிறார சாப்பிடுங்க, அப்புறம் இறங்குங்க” என்று அவர் முணுமுணுத்துக்கொண்டே வரப்பில் பொங்கலும் சட்னியும் இறக்கினார். ஆகாயம் தெளிந்தது. மற்ற மிராசுதார்களும் அதையே செய்யவேண்டியதாயிற்று. இப்போது அந்தப் பக்கத்தில் அது நடவு வழக்கம். யாரும் காரணம் கேட்பதில்லை.

இந்த வருஷம் விஷயம் நீடாமங்கலம்வரை போய்விட்டது. அங்கே அஸார் தன் மகளுக்கு ஊட்டும் சோறு, திருப்பூர் பனியன் கம்பெனியில் காலைச் சாப்பாட்டை விட்டுவிட்டு ஷிப்டுக்கு ஓடும் அவன் மனைவி ரிஃப்காவைத் தேடிப் புறப்பட்டது. அவ்வளவு தூரம் பறக்க முடியாததால் ஸ்டேஷனுக்குப் போய் ரயில் ஏறி, ஜன்னலோர இருக்கையில் உட்கார்ந்துகொண்டது. டிக்கெட் பரிசோதகர் பார்த்தார், அடுத்த பெட்டிக்குப் போனார். தஞ்சாவூரில் ஏறிய ஒருவர், “இங்க யாராவது இருக்காங்களா?” என்று கேட்டார். “சோறு உக்காந்திருக்குங்க, திருப்பூர் வரைக்கும்” என்றாள் எதிரே இருந்த அம்மா. அவர் சரியென்று பையை மேலே வைத்துவிட்டு, இடித்துவிடாமல் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்துகொண்டார்.